லிக்விட் சோப்பு: எதைச் சேர்க்கலாம், எது வேலைக்கு ஆகாது?

திருத்துறைப்பூண்டி:
பாத்திரம் கழுவ எஸ்.எல்.இ.எஸ். (நுரை தர்ற, அழுக்கு எடுக்கிற ரசாயனம்) பேஸ்ட்டில் ஒரு லிட்டர் போட, பேஸ்ட் 150 கிராம், தண்ணீர் 750 மில்லி, சென்ட் 3 மில்லி. கெட்டியாக்கப் போடுற உப்புக்கு மட்டும் நிலையான அளவு கிடையாது. கடைமடைப் பக்கம் போர் தண்ணியிலேயே உப்பு இருக்கு. வீடியோவுல சொல்ற அளவை அப்படியே கொட்டினா கெட்டியாகி, அதையும் தாண்டி மறுபடி தண்ணியா நீர்த்துடும். உப்பு 20 கிராமை 80 மில்லி தண்ணியில கரைச்சு வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு ஸ்பூனா விட்டு மெதுவா கலக்குங்க. கரண்டியிலிருந்து நல்லெண்ணெய் மாதிரி இறங்கும்போது நிறுத்திடணும், மிச்சக் கரைசல் இருந்தாலும் சரி. அளவு மீறிட்டா இன்னும் உப்பு போட்டுப் பார்க்காதீங்க. கொஞ்சம் பேஸ்ட்டை ஆர்.ஓ. தண்ணியில கரைச்சு ஊத்தினா மீளும்.

மன்னார்குடி:
ஒண்ணு விட்டுப்போச்சுங்க. சென்டை உப்புக்கு முன்னாடியே கலந்துடணும். கடைசியில விட்டா பதம் மாறிடும், சில சென்ட் தண்ணியாவே ஆக்கிடும். மிக்ஸி வேண்டாம், முழுக்க நுரைதான் மிஞ்சும்.

பேராவூரணி:
தேங்காய் எண்ணெயில பொட்டாசியம் ஹைட்ராக்சைடுங்கிற காரம் போட்டுக் காய்ச்சுறவங்களுக்கு மேலே சொன்னது பொருந்தாது. அந்த சோப்பு உப்பு போட்டாலும் கெட்டியாகாது. சிட்ரிக் அமிலத்தை (எலுமிச்சை உப்பு) நேரா போட்டா சோப்பு உடைஞ்சு, கொழுப்பு அமிலம் பிரிஞ்சு பால் மாதிரி வெளுத்துடும்.

எண்ணெய் 500 கிராமுக்கு 90 சதவீத காரம் 138 கிராம், 3 சதவீதம் எண்ணெய் மிச்சம் நிக்கும். தண்ணியிலதான் காரத்தைப் போடணும், காரத்துல தண்ணி ஊத்தக் கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியச் சட்டி கூடவே கூடாது, காரம் அரிச்சிடும்.

உப்புத் தண்ணியில குளிக்கிற ஊருக்கு உருப்படியான சேர்மானம் சிட்ரேட், அதாவது எலுமிச்சை உப்பும் காரமும் சேர்ந்து உண்டாகுறது. எலுமிச்சை உப்பு 10 கிராமை காரம் போடுறதுக்கு முன்னாடி தண்ணியில கரைச்சு, காரத்தை 9 கிராம் கூட்டிக்குங்க. வெள்ளைப் படிவு குறையும். நீர்க்க வைக்க ஆர்.ஓ. தண்ணியோ மழைத்தண்ணியோதான். கெட்டியா வேணும்னு அடம்பிடிக்காம நுரை பம்ப் பாட்டில் வாங்கிடுங்க.

வலங்கைமான்:
பூந்திக்கொட்டை, கற்றாழை, எலுமிச்சைச் சாறு சேர்க்கலாமா?

கும்பகோணம்:
சேர்க்காதீங்க. பூந்திக்கொட்டைச் சாறும் கற்றாழையும் கிருமிக்குச் சாப்பாடு. நம்ம ஊர் வெயிலுக்குச் சீக்கிரமே புளிச்சு, பாட்டில் வீங்கிடும். பூந்திக்கொட்டை வேணும்னா தனியா வேகவெச்சு அன்னன்னைக்கே காலி பண்ணுங்க. எலுமிச்சைச் சாறும் கெடும். புளிப்பு ஏத்துற வேலைக்கு எஸ்.எல்.இ.எஸ்.ல சிட்ரிக் 1 கிராம் போதும்.

எஸ்.எல்.இ.எஸ். சோப்புக்குக் கெடாமல் காக்கும் மருந்து கட்டாயம். சோடியம் பென்சோயேட்தான் விலை மலிவு, ஆனா பி.ஹெச். (புளிப்பு-கார அளவு, குறைஞ்சா புளிப்பு) 5 பக்கம் இறங்கினாத்தான் வேலை செய்யும். அதைப் பரிசோதிக்காம போடுறது வீண். பி.ஹெச். தாள் இல்லாதவங்க லிட்டருக்கு பீனாக்சி எத்தனால் 8 மில்லி விடுங்க. காய்ச்சின சோப்புல காரத்தன்மையே ஓரளவு காக்கும். சாறு சேர்த்தா அந்தக் காவலும் போதாது.