ஓடும் டிரெய்லரில் ஜெனரேட்டர்: அனுபவமுள்ளவர்களிடம் ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதம் வேளச்சேரியிலிருந்து கன்னியாகுமரிக்கு, காரின் பின்னால் கேரவன் டிரெய்லரை இழுத்துக்கொண்டு செல்லவிருக்கிறோம். தந்தையாரின் இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டியிருப்பதால் டிரெய்லரிலுள்ள ஃபிரிட்ஜும், போய்ச் சேரும்போது உள்ளே அனல் தகிக்காமலிருக்க 1 டன் ஏசியும் வழியெல்லாம் ஓட வேண்டும். பயணத்தின்போது அதற்குள் யாரும் அமரமாட்டோம்.

டிரெய்லரின் முகப்பில் பெட்ரோல் ஜெனரேட்டரைப் பொருத்தி, சென்ற ஞாயிறன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, கோவளத்துக்குச் சற்று முன் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. எண்ணெய் அளவு சரியாகவே இருந்தது. எண்ணெய் குறைந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் குலுக்கலில் ஏமாந்து அணைத்துவிடுகிறதா, அல்லது ஏசியின் கம்ப்ரஸர் கிளம்பும்போது கூடுதலாக இழுக்கும் மின்சாரம் காரணமா? நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே புகாதபடி புகைக்குழாயை எப்பக்கம் திருப்புவது? ஃபிரிட்ஜுக்கு பேட்டரியும் இன்வெர்ட்டரும் போதுமென்றால், ஏசியைக் கைவிடவும் தயாராக இருக்கிறேன்.