ஈட்டா ஒளியுற்பத்தி: என்(1535) உச்சி ஆயிரம் மடங்கு சின்னதா வருது, எங்கே பிழை?

குவார்க்_குஞ்சு (வெள்ளவத்தை):
போட்டோன் புரோத்தனில் பட்டு ஈட்டா மீசான் வெளிவரும் தாக்கத்துக்கு என்(1535) பரிவை (1535 எம்இவி அளவு திணிவுள்ள, உடனே சிதையும் கிளறிய புரோத்தன் நிலை) மட்டும் வைத்துக் குறுக்குவெட்டு, அதாவது தாக்கம் நடக்கும் வாய்ப்பின் அளவு, கணிக்கிறேன். அகலம் 150 எம்இவி, ஈட்டாக் கிளைப்பங்கு (ஈட்டாவாகச் சிதையும் பங்கு) 0.42, போட்டோன் பரிவைக் கிளறும் வலிமையான ஹெலிசிட்டி வீச்சம் ஏ(1/2) = 0.105 ஜிஇவி^(−1/2). கடைசியில் 0.3894 ஆல் பெருக்கினால் உச்சியில் 0.0147 மைக்ரோபார்ன். பரிசோதனையில் 16 அளவு வருதே? ஈட்டா உண்டாகத் தொடங்கும் 1486 எம்இவிக்குக் கீழேயும் வளையி பூச்சியமாகுதில்லை. ஏ(1/2) ஐக் குவார்க் மாதிரியில் இருந்தே எடுத்தால் குறி வேற மாறுது. அண்ணைமார் யாராவது சொல்லுங்கோ.

பாமன்கடை_பரிவு:
தம்பி, முதலாவது வெறும் அலகுப் பிழை. 2 × புரோத்தன் திணிவு ÷ (பரிவுத் திணிவு × அகலம்), ஜிஇவியில் 2 × 0.938 ÷ (1.535 × 0.15) = 8.15. அதை 0.42 ஆலும் 0.105 இன் வர்க்கத்தாலும் பெருக்க 0.0377 வரும், அலகு ஜிஇவி⁻². 0.3894 மில்லிபார்னுக்கான எண். மைக்ரோபார்ன் வேணுமெண்டால் 389.4 போடுங்கோ, 14.7 வரும். அதை 16 ஆக்க அளவுருக்களைப் பிடிச்சு இழுக்க வேண்டாம்: ஏ(1/2) 0.090 எண்டால் 10.8, 0.120 எண்டால் 19.2. வர்க்கம் அவ்வளவு ஆட்டும்.

1486 இக்குக் கீழே நீளும் வாலுக்குக் காரணம், அகலத்தைச் சக்தியோடு மாறாத எண்ணாக வைத்தது. தொடக்கம் 1486, பரிவு 1535, இடைவெளி 50 எம்இவிகூட இல்லை. ஈட்டா இங்கே எஸ்-அலையில் (சுற்றுகைக் கோண உந்தம் பூச்சியம்) போகுது, அதனால் அதன் கிளையகலம் உந்தத்துக்கு நேர்விகிதம். 1535 இல் ஈட்டா உந்தம் 186 எம்இவி, பையோனுக்கு 468. ஒவ்வொரு கிளையகலத்தையும் அந்தந்த உந்தத்தின் விகிதத்தால் பெருக்குங்கோ. ஈட்டாக் கிளையைத் தொகுதியிலும் மாத்த வேணும், பகுதியில் உள்ள முழு அகலத்திலும் மாத்த வேணும். கனபேர் பகுதியில் மட்டும் மாத்திப்போட்டு, வால் போகுதில்லை எண்டு நிப்பினம். தொடக்கத்துக்குக் கீழே ஈட்டா உந்தத்தைப் பூச்சியமாக்கவும் மறக்காதீங்கோ, இல்லாட்டி வர்க்கமூலத்துக்குள் மறை எண் போய்க் கணினி நிரல் விழும்.

அச்சைச் சரிபார்க்க ஒரு எண்: புரோத்தன் ஓய்வில் இருந்தால் தொடக்கப் போட்டோன் சக்தி 547.9 + 160.0, சுமார் 708 எம்இவி. 1486 திணிவுமையச் சட்டகத்து மொத்தச் சக்தி. இரண்டையும் ஒரே அச்சில் போட்டால் எல்லாம் குழம்பும்.

கொட்டாஞ்சேனை_எஸ்11:
குறியைப் பற்றி. பரிவு நிலையின் அலைச்சார்பின் கட்டம் நாங்கள் விரும்பினபடி எடுக்கிறது. அட்டவணைகளில் இருக்கிற ஏ(1/2) இன் குறிக்குள் அதே பரிவு பையோனாகச் சிதையும் வீச்சத்தின் குறியும் சேர்ந்திருக்கு. இரண்டையும் ஒரே அலைச்சார்பால் கணிச்சுக் குறிகளைப் பெருக்குங்கோ. ஒற்றைப் பரிவெண்டால் குறுக்குவெட்டில் இது தெரியாது. என்(1650) ஐச் சேர்த்த உடனே குறுக்கீட்டில் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு இடத்திலும் கவனம். குவார்க்குகளின் சுற்றுகைக் கோண உந்தம் எல் = 1 இல், மொத்தக் குவார்க் ஸ்பின் 1/2 உள்ள நிலை ஒன்று, 3/2 உள்ளது ஒன்று, இரண்டும் கலந்துதான் 1535, 1650. ஐஸ்கர்-கார்ல் குவார்க் மாதிரியில் கலப்புக் கோணம் −32°. புரோத்தனில் இருந்து போட்டோன் ஸ்பின் 3/2 பகுதியைக் கிளறாது, இதுதான் மூர்ஹவுஸ் தேர்வு விதி. ஆக 1535 இன் ஏ(1/2), கலக்காத வீச்சத்தின் 0.85 மடங்கு. கலப்பை விட்டுட்டீங்கள் எண்டால் குறுக்குவெட்டு 1.39 மடங்கு ஊதிப்போகும். டெல்ட்டா பரிவுகளைத் தேட வேண்டாம்: அவற்றின் ஐசோஸ்பின் 3/2, ஈட்டாவின் ஐசோஸ்பின் 0 என்பதால் ஈட்டா-புரோத்தன் சோடிக்கு 1/2 தான்.

குவார்க்_குஞ்சு:
389.4 போட 14.7 வந்திட்டுது. தொகுதியில் கிளையகலத்தை மாத்தவே இல்லை, அதுதான் வால். கலப்பு இன்னும் போடேல்லை.