யூனிட் பிளான்ல ஸ்டாண்டர்ட் எல்லாம் டிக் ஆயிருக்கு, ஆனா பசங்க காலேஜ்ல போய் திணறுறாங்க, எங்க கோட்டை விடறேன்?

கடைசிபெஞ்ச்டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். மொதல்லயே சொல்லிடறேன், நான் ஸ்டாண்டர்டுன்னு சொல்றது எந்த கிளாஸ்ங்கறத இல்ல. வருஷக் கடைசில பசங்களுக்கு என்னென்ன செய்யத் தெரியணும்னு குடுத்திருக்காங்களே, அந்த லிஸ்ட். போன தடவை கேட்டப்ப பாதி பேர் "எத்தனாவது ஸ்டாண்டர்ட்"னு கேட்டு திரெட்டே வேற பக்கம் போயிடுச்சு.

விஷயம் இதான். 11ஆம் வகுப்பு, இங்கிலீஷ், வாதக் கட்டுரை எழுத ஆறு வார யூனிட். எங்களுக்கு காமன் கோர் (அமெரிக்காவுல பல மாநிலங்களுக்குப் பொதுவான ஸ்டாண்டர்ட் லிஸ்ட்). நான் ஒரு பெரிய டேபிள் போட்டு, 14 ஸ்டாண்டர்டோட கோட் நம்பர் எடுத்து, ஒவ்வொரு பீரியடுக்கும் நேரா ரெண்டு மூணு ஒட்டி குடுத்தேன், ரிவ்யூ பண்ணவங்க பிரமாதம்னுட்டாங்க. கடைசில ஒரு அஞ்சு பாரா எஸ்ஸே, நடுவுல ரெண்டு க்விஸ்.

ஆனா போன வருஷம் முடிச்சுட்டுப் போன ஒரு பொண்ணு பாக்க வந்தா. நல்லா மார்க் வாங்கினவ. "மேம், மொத வாரமே நாப்பது பக்கம் குடுத்து படிச்சுட்டு வந்து பேசுங்கன்னாங்க, எத அடிக்கோடு போடறதுன்னே தெரியல, நீங்க எப்பவும் கேள்வி குடுத்துட்டுதான படிக்க சொல்வீங்க"ன்னா. குத்தம் சொல்லல, சாதாரணமாதான் சொன்னா. எனக்குதான் தூக்கம் போச்சு. யூனிட்ட முழுசா கலைக்கணுமா, இல்ல ஒட்டுப்போட்டா சரியாயிடுமா?

பழைய_சிலபஸ்

டீச்சர், கோவிச்சுக்காதீங்க, 14 கோட் நம்பர் ஒட்டினா அது யூனிட் இல்ல, அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர். எல்லாரும் ப்ரசெண்ட், யாரும் ஒண்ணும் பேசல. ஆறு வாரத்துல மூணு ஸ்டாண்டர்ட நிஜமா சொல்லிக்குடுத்து, நிஜமா சோதிக்க முடியும், மிச்சம் கூடவே வரும், அதுக்கு மார்க் போடாதீங்க.

எந்த மூணுன்னு எப்படி முடிவு பண்றது? நான் பண்றது, ஒரு வகுப்போட ஸ்டாண்டர்ட் எல்லாத்தையும் குறுக்கால படிக்காம, ஒரே ஸ்டாண்டர்ட் வகுப்புக்கு வகுப்பு எப்படி மாறுதுன்னு மேலேர்ந்து கீழ படிக்கறது. வாதம் எழுதற அந்த மொத ரைட்டிங் ஸ்டாண்டர்டயே எடுங்க. 6ஆம் வகுப்புல காரணமும் ஆதாரமும் குடுத்தா போதும். 7ல எதிர்க்கருத்து ஒண்ணு இருக்குன்னு ஒத்துக்கணும். 9-10ல ரெண்டு பக்கத்தோட பலம், பலவீனம் ரெண்டையும் நியாயமா காட்டணும், படிக்கறவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், அவன் எதுக்கு கவலப்படுவான்னு யோசிக்கணும். 11-12ல அதுக்கு மேல அவனோட மதிப்பீடுகள், சாய்வுகள் எல்லாத்தையும் கணக்குல எடுக்கணும், ஆதாரத்துலயும் கெடச்சத போடாம ரொம்ப பொருத்தமானத பொறுக்கணும். அப்ப உங்க வருஷத்துக்கு புதுசு எது? அந்த கடைசி துண்டுதான். உங்க அஞ்சு பாரா எஸ்ஸே அத கேக்குதா? நீங்க டாஸ்க்க போடல, ஆனா பந்தயம் கட்டறேன், ஒரு நல்ல எட்டாங்கிளாஸ் பையனே அதுல முழு மார்க் வாங்கிடுவான்.

அதனால பிளானோட மொத பக்கத்த மூடிட்டு கடைசி டாஸ்க்க மொதல்ல எழுதுங்க. அப்புறம் அதுக்கான ரூப்ரிக், அதாவது எதுக்கு எவ்ளோ மார்க்குங்கற அளவுகோல். அப்புறம் ஒரு மாதிரி விடைய நீங்களே உக்காந்து எழுதுங்க, இதத்தான் யாரும் பண்ண மாட்டாங்க. எழுதும்போதுதான் எங்க மூச்சு வாங்குதுன்னு தெரியும், அந்த எடம்தான் உங்க பாடம். இத பேக்வர்ட் டிசைன்ம்பாங்க, டிரெயினிங்ல எல்லாரும் கேட்டிருப்போம், கேட்டுட்டு வந்து வழக்கம்போல மொத நாள்லேர்ந்துதான் பிளான் போடுவோம்.

லேப்கோட்

நான் சயின்ஸ், ஆனா இது எல்லாருக்கும் பொது. பழைய_சிலபஸ் சொன்னதோட ஒண்ணு சேக்கறேன். நெறைய பேர் ஸ்டாண்டர்ட்ல இருக்கற வினைச்சொல்ல மட்டும் பாத்து "பகுப்பாய்வு செய்"னு இருந்தா கேள்வியிலயும் "பகுப்பாய்வு செய்"னு போட்டுட்டா மேட்ச் ஆயிடுச்சுன்னு நெனக்கறாங்க. ஆகாது. நார்மன் வெப்ங்கற கல்வி ஆராய்ச்சியாளர் போட்ட நாலு லெவல் இருக்கே, டெப்த் ஆஃப் நாலெட்ஜ் (ஒரு கேள்விக்கு எவ்ளோ ஆழமா யோசிக்கணும்ங்கறது), அதோட மொத்த பாயிண்டே இதுதான், ஒரே வார்த்தை எந்த லெவல்லயும் உக்காரும். "ஒரு செல்லோட பாகங்கள விவரி" மனப்பாடம். "இந்த ரெண்டு சோதனையும் ஏன் வேற வேற ரிசல்ட் குடுத்துச்சுன்னு விவரி" மூணாவது லெவல். விவரி அதே விவரிதான், மண்டைக்குள்ள நடக்கற வேலை வேற. கட்டுரைல என்ன பகுக்கணும்னு நீங்களே கிளாஸ்ல மூணு நாள் பேசிட்டு டெஸ்ட்லயும் அதையே கேட்டா, பேர் பகுப்பாய்வு, வேலை ஞாபகசக்தி.

எங்க சயின்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ்ல (2013ல வந்த நெக்ஸ்ட் ஜெனரேஷன் சயின்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ்) ஒவ்வொண்ணுக்கும் கீழயே இதுவரைக்கும்தான் சோதிக்கலாம்னு எல்லை போட்டு குடுத்திருப்பாங்க. உங்களுக்கு அது இல்லங்கறதால ரூப்ரிக்லயே நீங்க எழுதிக்கணும்.

முதலாமாண்டு_வாத்தி

நான் எதிர்ப்பக்கம் இருக்கறவன், காலேஜ்ல மொத வருஷத்துக்கு எடுக்கறேன். இத படிச்சதும் சிரிப்பும் வந்துச்சு கஷ்டமாவும் இருந்துச்சு, ஏன்னா அந்த பொண்ணு மாதிரி ஒவ்வொரு வருஷமும் அரை கிளாஸ் உக்காந்திருக்கும்.

பாடம் தெரியாம யாரும் வரல. அஞ்சு பாரா சூப்பரா எழுதுவாங்க, ஆனா நான் "இந்த ரெண்டு கட்டுரையும் ஒத்துப்போகல, நீ என்ன நெனக்கற"ன்னு ஒரே வரில கேள்வி குடுத்தா எத்தனை பாரா வேணும், எத்தனை மேற்கோள் வேணும்னு மெயில் வரும். திருத்தி குடுத்தா கமா மட்டும் சரி பண்ணி திரும்ப குடுப்பாங்க. நான் வாதமே நிக்கலன்னு எழுதியிருப்பேன், அத தொடவே மாட்டாங்க. இது அவங்க தப்பில்ல, பன்னெண்டு வருஷமா எல்லாத்தையும் வெட்டி ஊட்டிட்டோம்.

அதனால யூனிட்ட கலைக்கணும்னு எல்லாம் இல்ல டீச்சர். ஊட்டறத எந்த வாரம் நிறுத்தறீங்கங்கறத பிளான்ல எழுதுங்க. மொத வாரம் கேள்வித்தாளோட படிக்கட்டும். மூணாவது வாரம் கேள்விய அவங்களே போடட்டும். அஞ்சாவது வாரம் நீளமான ஒரு கட்டுரை, ஒரு கேள்வியும் கெடையாது, மறுநாள் வந்து பேசணும், அவ்ளோதான். மொத தடவை சொதப்புவாங்க, கிளாஸே மயான அமைதியா இருக்கும், பொறுத்துக்கோங்க. உங்க கண் முன்னால சொதப்பறது பரவால்ல.

கடைசிபெஞ்ச்டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பழைய_சிலபஸ் சார் பந்தயத்துல ஜெயிச்சுட்டீங்க, என் பழைய டாஸ்க் "ஸ்கூல்ல ஃபோன் வேணுமா வேணாமா"தான் 😅 எட்டாங்கிளாஸ் என்ன, ஆறாங்கிளாஸே எழுதும்.

நேத்து ராத்திரி உக்காந்து மாத்தினேன். புது டாஸ்க்: "ஸ்கூல்ல ஃபோன தடை பண்றத பத்தி முரண்படற நாலு சோர்ஸ் குடுக்கறேன், அஞ்சாவது நீங்களே தேடணும். தடைக்கு எதிரா இருக்கற பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்க, அவங்க பயம் என்னன்னு புரிஞ்சுகிட்டு எழுதணும். கூடவே தனியா ஒரு பக்கம், எந்த சோர்ஸ ஏன் விட்டீங்கன்னு." ஸ்டாண்டர்ட் மூணே மூணு: வாதம் எழுதறது, ஒரே சோர்ஸ நம்பி இருக்காம பல எடத்துலேர்ந்து திரட்டறது, திருத்தி எழுதறது. மாதிரி விடையும் எழுதிப் பாத்தேன், எனக்கே அந்த "ஏன் விட்டேன்" பக்கம்தான் வரல, ரெண்டு மணி நேரம் முழுங்கிடுச்சு.

ஒரே ஒரு சந்தேகம். திருத்தறதுக்கு மார்க் எப்படி போடறது? கடைசி டிராஃப்டுக்கு மட்டும் போட்டா மொத டிராஃப்ட யாரும் சீரியஸா எழுத மாட்டாங்க, ரெண்டுக்கும் போட்டா நான் காலி, மொத்தம் நாலு செக்‌ஷன் இருக்கு.

பழைய_சிலபஸ்

ரெண்டு மணி நேரம் முழுங்கின அந்த பக்கத்துக்கு ரெண்டு பீரியட் ஒதுக்குங்க, இப்போதைக்கு பிளான்ல அதுக்கு சுத்தமா எடமே இருக்காது, பாருங்க.

மார்க் விஷயம்: மொத டிராஃப்டுக்கு மார்க் வேணாம், கமெண்ட் மட்டும். மார்க் போட்டா கமெண்ட படிக்கவே மாட்டாங்க. கமெண்டும் ஒருத்தனுக்கு ரெண்டே ரெண்டு, ரெண்டும் வாதத்த பத்தி, கமாவ தொடாதீங்க (கை அரிக்கும், தெரியும்). கடைசி டிராஃப்ட் மேல "என்ன மாத்தினேன், ஏன்"னு அரைப்பக்கம் அவங்களே எழுதி ஒட்டட்டும், அந்த அரைப்பக்கத்துக்கு மார்க். ரெண்டு டிராஃப்டையும் வச்சு ஒப்பிட்டுட்டு இருக்கற வேலை மிச்சம், அந்த அரைப்பக்கத்த படிச்சாலே எவன் தொட்டான் எவன் தொடலன்னு தெரிஞ்சிடும்.

முதலாமாண்டு_வாத்தி

அந்த அரைப்பக்க ஐடியாவ நான் சுட்டுக்கறேன் சார், வர்ற செமஸ்டர்லேர்ந்தே.