ரெண்டு கலர் எல்இடி: சிவப்பு எரியுது, பச்சை எரியல

பாடாங் செராய் பையன்:
அண்ணே, அக்கா, ஒரு சந்தேகம். தோட்டத்தை ஒட்டின எங்க தாமான்ல (குடியிருப்புல) தண்ணி அடிக்கடி நின்னுடும். கூரை மேல தொட்டியில தண்ணி இருக்கான்னு அம்மா அடுப்பங்கரையில இருந்தே பார்க்கணும்னு ஒரு விளக்கு செய்றேன். ரெண்டு கால் உள்ள சிவப்பு-பச்சை எல்இடி, பழைய போன் சார்ஜர், 5 வோல்ட். ரெண்டு 470 ஓம் ரெசிஸ்டரை பிளஸ்ல இருந்து மைனஸ் வரைக்கும் வரிசையா போட்டு, நடுப்புள்ளியில எல்இடியோட ஒரு கால். இன்னொரு கால் மிதவை சுவிட்சுக்கு. தண்ணி குறைஞ்சா அது பிளஸ்ஸைத் தொடும், நிறைஞ்சா மைனஸை. சிவப்பு மங்கலா எரியுது. பச்சை, ரூம் லைட்டை அணைச்சிட்டு உத்துப் பார்த்தாதான் ஏதோ தெரியுது. நடுவுல 2.5 வோல்ட்தானே வரணும்? சிவப்பு எரியும்போது மீட்டர் 3.1 காட்டுது. ரெசிஸ்டர் கெட்டுப்போச்சா?

சைக்கிள் கடை:
470-ஐ எடுத்துட்டு 100 போடு தம்பி, பிரகாசமா எரியும்.

கூலிம் அக்கா:
100 போட்டா சிவப்பு நல்லா எரியும் அண்ணே. பச்சை அசையாது.

தம்பி, நான் கூலிம் ஹைடெக் பார்க்ல ஒரு ஃபேக்டரியில டெஸ்டிங் லைன்ல இருக்கேன், நாள் பூரா மீட்டரோடதான் குடித்தனம். உன் ரெசிஸ்டர் கெடல. 2.5ங்கிறது நடுப்புள்ளியில எதுவும் மாட்டாத வரைக்கும்தான். சுவிட்ச் பிளஸ்ஸைத் தொட்டா, 5 வோல்ட்ல சிவப்பு சுமார் 1.9-ஐ எடுத்துக்கும். மிச்சம் 3.1 கீழ் ரெசிஸ்டருக்கு. அதுல ஓடுறது 6.6 மில்லிஆம்ப். மேல் ரெசிஸ்டர் வழியா வர்றதோ 4 தான். குறையுற 2.6 எல்இடி வழியா வருது. அவ்வளவுதான் உன் சிவப்புக்கு, அதான் மங்கல்.

சுவிட்ச் மைனஸைத் தொட்டா கரண்ட் திரும்பிடும். மேல் ரெசிஸ்டர்ல இறங்கி, எல்இடிக்குள்ள எதிர்ப்பக்கமா பூந்து மைனஸுக்குப் போகும். உள்ள சிவப்பும் பச்சையும் ஒண்ணுக்கொண்ணு தலைகீழா மாட்டியிருக்கு, அதனால ஒரு நேரத்துல ஒண்ணுதான் எரியும். ஆனா நடுப்புள்ளியால 2.5-க்கு மேல கொடுக்க முடியாது. பழைய மஞ்சள் கலந்த பச்சைன்னா 2.1-லயே எரிஞ்சிருக்கும். இப்ப வர்ற பளிச்சுப் பச்சைக்குக் கிட்டத்தட்ட 3 வேணும். ரெசிஸ்டர் ரெண்டும் ஒரே அளவா இருக்குற வரைக்கும் 100 போட்டாலும் 10 போட்டாலும் பாதி பாதிதான். (10 போட்டுத் தொலைக்காதே, பொசுங்கிடும்.)

வீட்டுல பழைய வைஃபை ரௌட்டர் அடாப்டர் கிடந்தா, 12 வோல்ட்டான்னு பார்த்துட்டு அதைப் போடு. ரெசிஸ்டர் ரெண்டும் 1 கே, அதாவது 1000 ஓம். நடுவுல 6 வோல்ட். சிவப்புக்கு 8 மில்லிஆம்ப், பச்சைக்கு 6. 470-ஐ மாத்தாம விட்டா ஒரு ரெசிஸ்டர் மேல 0.2 வாட்டுக்கு மேல விழும். கால் வாட் ரெசிஸ்டர்ல கை வைக்க முடியாது.

பாடாங் செராய் பையன்:
அடாப்டர் கிடைச்சிடுச்சு அக்கா, பச்சை பளிச்சுனு எரியுது! கரண்ட் போனாலும் தெரியணும்னா 9 வோல்ட் பேட்டரி போடலாமா?

கூலிம் அக்கா:
வேணாம்பா. எல்இடி எரியலைன்னாலும் ரெண்டு ரெசிஸ்டரும் குடிச்சிக்கிட்டேதான் இருக்கும். எரியும்போது 6, 7 மில்லிஆம்ப் போகும், அந்தச் சதுர பேட்டரி மூணு நாலு நாள்ல காலி. அவ்வளவு அவசியம்னா அழுத்திப் பார்க்குற மாதிரி ஒரு பட்டன் வெச்சுக்கோ. அடுத்த தடவை மூணு கால் எல்இடியா வாங்கு. கலருக்கு ஒரு ரெசிஸ்டர் போதும், 5 வோல்ட் சார்ஜரே தாராளம்.