ஃபோர்சிங்: வலிந்து பூக்கவைத்தலா, துயிலெழுப்பலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் பூக்கும் அமரில்லிஸ் செடிக்கு வளர்ப்புக் குறிப்பு எழுதுகிறேன். அதற்காக 'ஃபோர்சிங்' (forcing, ஓய்வில் இருக்கும் செடியை நாம் விரும்பும் நாளில் பூக்கவோ தளிர்க்கவோ செய்வது) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். மூன்றே நாளில் நான்கு பரிந்துரைகள் வந்துவிட்டன. எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் குறிப்புக்குள் போட்டு வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன்.

> வலிந்து பூக்கவைத்தல் என்றே எழுதலாமே ஐயா. மூலச்சொல்லின் பொருள் அப்படியே வந்துவிடுகிறது.

மூலச்சொல்லின் பொருள் வருகிறது, உண்மைதான். ஆனால் செய்கிற வேலையின் பொருள் வரவில்லை. தானாகக் கனியாததைத் தடிகொண்டு அடித்துக் கனியவைப்பது என்போமே, அந்த வாடை இதில் அடிக்கிறது. இங்கே டொராண்டோவில் வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது ஜன்னலோரத்தில் விரிகிற பூவை நாம் வலிந்து வரவழைப்பதில்லை. அது குமிழத்துக்குள், அதாவது வெங்காயம் போன்ற 'பல்ப்'புக்குள், முன்பே உருவாகி இருக்கிறது. இந்தச் செடி நான்கு இலை விட்டால் உள்ளே ஒரு பூந்தண்டுக்கு மொட்டு வைக்கும். மறுபடி நான்கு இலை, மறுபடி ஒரு மொட்டு. அதனால்தான் 34 செ.மீ. சுற்றளவுள்ள குமிழத்துக்குக் கடையில் விலை அதிகம். உள்ளே கூடுதல் மொட்டுகள் இருக்கும். ஏற்கெனவே இருக்கும் மொட்டு எந்த நாளில் எழ வேண்டும் என்பதை மட்டும்தான் நாம் தீர்மானிக்கிறோம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் பூ உதிர்ந்ததும் 'வேலை முடிந்தது' என்று இலையையும் சேர்த்து வெட்டிவிட்டேன். அடுத்த டிசம்பரில் இலை மட்டும் வந்தது, பூ இல்லை. வெட்ட வேண்டியது வாடிய பூந்தண்டை மட்டும். இலை நிற்க வேண்டும், வெயில் குடிக்க வேண்டும். மே கடைசியில் உறைபனி பயம் போனதும் தொட்டியை வெளியே வைக்கிறேன். முதல் ஒரு வாரம் நிழலில், அப்புறம்தான் வெயிலில். நேராக வெயிலில் வைத்தால் இலை கருகும். கோடை முழுக்கத் தண்ணீரும் உரமும் கொடுக்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் உள்ளே எடுத்து, தண்ணீரை நிறுத்தி, 13 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் நிலவறையில் எட்டு முதல் பத்து வாரம் இருட்டில் விடுகிறேன். நவம்பர் தொடக்கத்தில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கொஞ்சமாகத் தண்ணீர் காட்டினால் ஆறு முதல் எட்டு வாரத்தில், கிறிஸ்துமஸ் வாக்கில், பூ.

இந்த எட்டு வார வறட்சிக்கு நம் வயலில் சொல் இருக்கிறது. வயலைக் காயவிட்டுக் காயவிட்டு நீர் பாய்ச்சுவதைக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்போமே, அந்தக் காய்ச்சல்தான். ஆனால் 'குமிழத்துக்கு எட்டு வாரம் காய்ச்சல்' என்று எழுதினால் வாசிப்பவர் நோய் என்று நினைத்துவிடுவார். அதனால் 'காயவிடல்' என்று வைத்துக்கொள்கிறேன்.

சரி, ஃபோர்சிங்குக்கு வருகிறேன். நான் முன்பே சொன்ன என் பரிந்துரை: துயிலெழுப்பல். கோயிலில் பள்ளியெழுச்சி பாடிக் கேட்ட நமக்கு, உரிய நேரத்தில் மென்மையாக எழுப்புவது என்ற பொருள் இதில் தானாகவே வந்துவிடும்.

> விதை உறக்கம் கலைத்தல் என்று ஏற்கெனவே வேளாண்மையில் இருக்கிறதே. இரண்டும் ஒன்றாகிவிடாதா?

நல்ல கேள்வி அம்மா, இரண்டு நாளாக இதையேதான் யோசித்தேன். உறக்கம் கலைத்தல் ஒரு படி மட்டும். இங்கே நாள் குறிப்பது, காயவிடுவது, எழுப்புவது, பூக்கும் வரை பார்த்துக்கொள்வது என்று முழு வேலைக்கும் சேர்த்து ஒரு பெயர் தேவைப்படுகிறது. 'உறக்கம்' விதைக்கு இருக்கட்டும். 'துயில்' இதற்கு இருந்தால் இரண்டும் குழம்பாது.

'பூப்பித்தல்' என்ற பரிந்துரையை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பூப்பு என்றால் பெண் பூப்பெய்துவது முதலில் நினைவுக்கு வரும். அதன்முன் 'வலிந்து' என்று சேர்த்தால் கேட்கவே சங்கடமாக இருக்கிறது. 'முன்மலர்விப்பு' அழகான சொல். ஆனால் காம்பைச் சமைத்துச் சாப்பிடுகிற ருபார்ப் என்ற செடி இருக்கிறதே! இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் குளிர் பட்ட ருபார்ப் வேர்க்கட்டையை இருட்டுக் கொட்டகைக்குள் வைத்துத் தளிர்க்காம்பு எடுக்கிறார்கள், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அறுவடை செய்கிறார்கள். அதற்கும் ஃபோர்சிங் என்றுதான் பெயர். அங்கே பூவே இல்லை. துயிலெழுப்பல் அதற்கும் பொருந்தும், 12 முதல் 16 வாரம் குளிரில் வைத்து எடுக்கிற டூலிப்புக்கும் பொருந்தும்.

'பல்ப்' என்பதற்குப் 'பூ வெங்காயம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். பார்க்க வெங்காயம் போலவே இருக்கும் இதில் லைக்கோரின் என்ற நச்சு இருக்கிறது; தின்றால் வாந்தி எடுக்கும், நாய் பூனைக்கும் ஆகாது. அடுப்படிப் பெயரை இதற்கு வைக்கக் கூடாது. பாடநூலில் உள்ள 'குமிழம்' போதும். பக்கத்தில் வரும் சிறு குமிழங்களுக்கு வாழைக்குச் சொல்வதுபோலப் 'பக்கக்கன்று'.

செடியின் பெயரையும் ஒருவர் கேட்டிருந்தார். கடையில் அமரில்லிஸ் என்று விற்பது தாவரவியலில் ஹிப்பியாஸ்ட்ரம், தென் அமெரிக்கச் செடி. அந்தப் பேரினத்துக்கு 1821-இல் பெயர் வைத்தவர் வில்லியம் ஹெர்பர்ட். உண்மையான அமரில்லிஸ் தென்னாப்பிரிக்கச் செடி. குறிப்பில் இதை ஒருமுறை சொல்லிவிட்டு, மக்கள் சொல்கிறபடி அமரில்லிஸ் என்றே தொடர்கிறேன்.

குறிப்பின் வரியை இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: "அகலம் குறைந்த தொட்டியில், குமிழத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே தெரியும்படி நட்டு, நவம்பர் முதல் வாரத்தில் துயிலெழுப்பலைத் தொடங்குங்கள்." வாசிக்கும்போது எங்காவது தட்டுகிறதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், திருத்திவிட்டு அனுப்புகிறேன்.