ரியாக்டர் குழாய்க்கு நேரடி கரண்ட்: டெர்மினல் பெட்டியில் நைட்ரஜன் எதற்கு?

மின்_பழகுநர்:
பர்னர் இல்லாமல், ரியாக்டர் குழாயையே ரெசிஸ்டராக்கி கரண்ட் விட்டுச் சூடாக்கும் டிசைன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வோல்டேஜ் குறைவுதான், ஆனால் ஃபேஸுக்கு 5000 ஆம்பியர். கரண்ட் நுழையும் இடத்தைச் சுற்றி மூடிய பெட்டி, அதில் எப்போதும் நைட்ரஜன். இவ்வளவு குறைந்த வோல்டேஜுக்கு இது தேவையா? அப்புறம், குழாயோடு சேர்ந்த பைப்லைனைத் தொட்டால் ஷாக் அடிக்காதா?

பஸ்பார்_பித்தன்:
ஷாக்கை முதலில் முடித்துவிடலாம். மூன்று ஃபேஸையும் ஸ்டாரில் கட்டி (அதாவது மூன்றின் ஒரு முனையையும் ஒரே புள்ளியில் சேர்த்து), குழாய்கள் பைப்லைனோடு சேரும் இடத்தையே ஸ்டார் பாயின்டாக வைப்பார்கள். மூன்று பக்கமும் ரெசிஸ்டன்ஸ் சமமாக இருக்கும்வரை அங்கே எர்த்துக்கு வோல்டேஜ் ஏறக்குறைய பூஜ்யம். ஒரு குழாய் மட்டும் அதிகம் சூடானால் சமநிலை கெடும், அதனால் நியூட்ரல் கரண்டைக் கண்காணித்தே ஆக வேண்டும்.

பெட்டி விஷயத்தில் வோல்டேஜை மறந்துவிட்டு ஆம்பியரைப் பாருங்கள். ஒரு போல்ட் இணைப்பில் 10 மைக்ரோ ஓம் இருந்தாலே 250 வாட் சூடு. ஆக்சைடு படிந்து 100 ஆனால் 2500 வாட். சூடு ஏற ஏற ஆக்சைடும் ஏறும். அதைத் தடுக்கத்தான் நைட்ரஜன்.

நைட்_ஷிப்ட்:
அது சரி, ஆனால் முதல் காரணம் அதுவல்ல. பர்னர் உலையில் குழாய் கசிந்தால் கேஸ் அங்கேயே எரிந்து சிம்னியில் போய்விடும், இங்கேயோ மூடிய பெட்டியில் தேங்கி நிற்கும். அந்தக் கேஸில் உள்ள ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம்வரை பற்றும், தானாகப் பற்ற 600 டிகிரிகூட வேண்டாம், குழாயோ 800க்கு மேல். பொறி எதற்கு? ஆக்சிஜனை வெளியே வைப்பதுதான் வழி. பெட்டியின் அழுத்தம் குறைந்தாலோ ஆக்சிஜன் ஏறினாலோ கரண்ட் தானே ட்ரிப் ஆக வேண்டும், பர்ஜ் (நைட்ரஜன் விட்டுப் பெட்டியின் காற்றை வெளியேற்றுவது) முடியாமல் ஆன் ஆகவே கூடாது. ஆபரேட்டர் பார்த்து முடிவெடுக்கட்டும் என்று இதை அலாரத்தோடு விடுவது பைத்தியக்காரத்தனம்.

பெட்டியைத் திறப்பவர் ஆக்சிஜன் மீட்டர் இல்லாமல் தலையை நீட்டக்கூடாது. நைட்ரஜனுக்கு வாசனையும் இல்லை, மூச்சு முட்டுகிற உணர்வும் வராது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார்.

மின்_பழகுநர்:
புரிந்தது. பெட்டி மூடியிருக்கும்போது இணைப்பு கெடுவதை எப்படிக் கண்டுபிடிப்பது? தெர்மல் கேமரா ஸ்டீலைத் தாண்டிப் பார்க்காதே.

பஸ்பார்_பித்தன்:
இணைப்பின் இருபுறமும் நிரந்தரமாக சென்ஸ் வயர் வைத்து, லோடில் மில்லிவோல்ட் பாருங்கள். 10 மைக்ரோ ஓமுக்கு 50 காட்டும். அதே கரண்டில் 80 வந்தால் அடுத்த ஷட்டவுனில் திறந்து பார்க்க வேண்டியதுதான். ஏசி என்பதால் வயரை முறுக்கி பஸ்பாரை (கரண்ட் கொண்டுவரும் தடித்த உலோகப் பட்டையை) ஒட்டியே கொண்டுவாருங்கள், இல்லையென்றால் தூண்டல் வோல்டேஜும் சேர்ந்து வந்து குழப்பும்.