22 பிள்ளைகள், ஒரே அறை: யாரையும் பின்வரிசையில் உட்கார வைக்காமல் வகுப்பை எப்படி மாற்றி அமைப்பது?

சின்னத்திண்ணை கேட்கிறார்:

வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருக்கமாக உள்ள பகுதியில் ஒரு சிறிய மழலையர் பள்ளி. 3 முதல் 5 வயது வரை 22 பிள்ளைகள், ஒரு டீச்சர், ஒரு ஆயாம்மா. காலை 9.30 முதல் 12.30 வரை. அறை 20க்கு 18 அடி. தார்சுக் கூரை, டைல்ஸ் தரை, ஒரு பக்கம் மட்டும் ஜன்னல்.

இந்த வருடம் சேர்ந்தவர்களில் இரண்டு காதிலும் காதொலிக் கருவி போட்ட 4 வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். மூளை முடக்குவாதம் உள்ள பையன் ஒருவன். பிடித்துக்கொண்டு நிற்பான், தரையில் உட்கார்ந்தால் சாய்ந்துவிடுவான், வலது கை நன்றாக வேலை செய்கிறது. மூன்றரை வயதுப் பையன் இன்னொருவன். பேச்சு மிகக் குறைவு, சத்தம் எழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறான். ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் இன்னும் வாயே திறக்கவில்லை.

இப்போது எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து 40 நிமிடம் பாட்டு, எண், எழுத்து. பிறகு மேசை வேலை. ஒவ்வொன்றுக்கும் மணி அடிக்கிறோம். மேலே சொன்ன மூன்று பேரும் ஆயாம்மாவோடு பின்னால்தான் இருக்கிறார்கள். அது மாற வேண்டும். கையில் 8,000 ரூபாய் இருக்கிறது. எதை முதலில் மாற்றுவது?

---

நடுக்கூடம் (முன்பருவக் கல்விப் பயிற்றுநர்):

டீச்சர், பணத்தை இப்போதைக்கு அப்படியே வையுங்கள். முதலில் மாற வேண்டியது அந்த 40 நிமிட வட்டம். மூன்று வயதுப் பிள்ளை ஒரே இடத்தில் கவனத்தோடு உட்காரக்கூடியது 10, 12 நிமிடம். ஒவ்வொருவராக எழுந்து வந்து சொல்லச் சொன்னால், ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் மற்ற 21 பேரும் 21 நிமிடம் சும்மா இருக்கிறார்கள். கிள்ளுவது, ஓடுவது, படுத்துக்கொள்வது எல்லாம் அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் தொடங்கும். அதைப் பிள்ளையின் சுபாவம் என்று நாம் எழுதிவைத்துவிடுகிறோம்.

காலையில் 10 நிமிடம் எல்லாரும் சேர்ந்து கை கால் அசைக்கும் பாட்டு. அதோடு வட்டம் முடிந்தது. அடுத்த 50 நிமிடம் மூலைகள்: கட்டைகள், சமையல் வீடு, புத்தகம், மணல் தண்ணீர், வரைதல் என்று ஐந்து. இந்த நேரத்தில் டீச்சர் ஒரு மூலையில் நான்கு ஐந்து பேரோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம். ஆயாம்மா மணல் தண்ணீர் பக்கம் நிற்கட்டும், அங்குதான் ஆள் தேவைப்படும்.

ஒவ்வொரு மூலையின் வாசலிலும் கொக்கிகள் அடித்து, பிள்ளை தன் படம் ஒட்டிய அட்டையை மாட்டிவிட்டு உள்ளே போகட்டும். கொக்கி காலியில்லை என்றால் வேறு மூலை. இங்கே பலரும் செய்யும் தவறு, 22 பிள்ளைக்கு 22 கொக்கி அடிப்பது. அப்படிச் செய்தால் ஒருவர் இடம் மாற இன்னொருவர் வெளியே வர வேண்டும், சண்டை வரும். 28 கொக்கி அடியுங்கள்.

கட்டை மூலையும் புத்தக மூலையும் அறையின் எதிரெதிர்க் கோடியில் இருக்க வேண்டும். கட்டைக்கு அடியில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள், டைல்ஸில் கட்டை விழும் சத்தம்தான் இந்த அறையிலேயே மோசமான சத்தம். அலமாரி 75 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாத் தலையும் டீச்சர் கண்ணில் பட வேண்டும். மூலைகளுக்கு நடுவில் 3 அடி வழி விடுங்கள். வாக்கரோடு வரும் பிள்ளைக்கும் அது போதும். ஒரு மூலையில் ஒரே நேரத்தில் ஐந்து வகைப் பொருளுக்கு மேல் வைக்காதீர்கள். மீதியைப் பெட்டியில் போட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஆயாம்மா மூன்று பேரையும் மடியிலும் கையிலுமே வைத்திருந்தால் மற்ற பிள்ளைகள் கிட்ட வர மாட்டார்கள். பெரியவர் பக்கத்தில் இருக்கும் பிள்ளையைப் பிள்ளைகள் விளையாடக் கூப்பிடுவதில்லை. இரண்டு பேர் இருந்தால்தான் நடக்கும் வேலையாகக் கொடுங்கள்: தண்ணீர் பேசினை ஆளுக்கொரு பக்கம் தூக்குவது, பந்து உருட்டுவது, ஒருவர் புட்டி பிடிக்க ஒருவர் ஊற்றுவது. கொடுத்துவிட்டு பெரியவர் இரண்டு எட்டுத் தள்ளி நிற்க வேண்டும். நமக்குத்தான் இது பழக வேண்டியிருக்கும்.

வெளி மாநிலப் பிள்ளைகளைப் பற்றி: எல்லாரையும் இந்திக்காரர் என்று எண்ண வேண்டாம். ஒடியா, போஜ்புரி, மைதிலி, வங்காளம் என்று எதுவும் இருக்கலாம். அம்மா எந்த மொழியில் தாலாட்டுகிறார் என்று கேளுங்கள். தண்ணீர், பாத்ரூம், வலிக்கிறது, பசிக்கிறது, அம்மா வருவார் என்று ஒரு 20 சொல்லை அந்தந்த அம்மாவிடம் உங்கள் போனில் பேசிப் பதிவு செய்து வாங்குங்கள். டீச்சரும் ஆயாம்மாவும் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். வாரம் ஒரு பாட்டு அவர்கள் மொழியில், எல்லாரும் பாட வேண்டும்.

வாய் திறக்காத இரண்டு பேரையும் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். புது மொழிக்குள் வரும் பிள்ளை சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. ஆனால் ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: வீட்டில், தன் மொழியில், சரளமாகப் பேசுகிறதா? பேசினால் கவலை இல்லை. வீட்டிலும் பேச்சில்லை என்றால் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். காதைப் பொத்தும் பையனுக்கும் அதுவேதான். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் குழந்தை வளர்ச்சிக்கான இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, 18 வயது வரை பார்ப்பார்கள். பெற்றோரிடம் நோயின் பெயர் எதையும் நீங்கள் சொல்லாதீர்கள். என்ன பார்த்தீர்கள் என்பதை மட்டும் தேதியோடு எழுதிக்கொடுங்கள்.

---

ஒலியலை (செவித்திறன் குறையுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்):

நடுக்கூடம் மேடம் சொன்ன ஜமுக்காளத்திலிருந்து தொடர்கிறேன். காதொலிக் கருவி பேச்சை மட்டும் பெரிதாக்குவதில்லை, கட்டைச் சத்தம், ஃபேன் சத்தம், எதிரொலி எல்லாவற்றையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. தார்சும் டைல்ஸும் சேர்ந்த வெற்று அறையில் அந்தக் குழந்தைக்குக் கேட்பது பேச்சே அல்ல, இரைச்சல். காதைப் பொத்தும் பையனுக்கும் அதே அறைதான். ஒரே வைத்தியம் இரண்டு பேருக்கும் ஆகும்.

திருப்பூரில் இருக்கிறீர்கள், கட்டிங் வேஸ்ட் துணி எடைக்குக் கிடைக்கும். 2 அடிக்கு 3 அடி பருத்தி உறை தைத்து, 5 செ.மீ. கனம் வரும்படி துணியை அடைத்து, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் பிள்ளைகளின் தலை உயரத்திலிருந்து மேலே எட்டு பத்துத் தொங்கவிடுங்கள். அடைத்த துணி சரிந்து கீழே சேராமல் இருக்க மெத்தைக்குப் போடுவது போல் நடுவில் நான்கைந்து இடத்தில் தையல் போட வேண்டும். ஸ்விட்ச் போர்டு பக்கம் மாட்டாதீர்கள், மாதம் ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்டுங்கள். நாற்காலிக் கால்களுக்கும் அதே துணியில் உறை. முட்டை அட்டையையோ தெர்மோகோலையோ சுவரில் ஒட்டச் சொல்வார்கள். இரண்டும் பேச்சின் எதிரொலியைப் பெரிதாகக் குறைப்பதில்லை, எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும்.

பேசும்போது அந்தக் குழந்தையிடமிருந்து ஒரு மீட்டருக்குள் இருங்கள். தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. முகம் இருட்டாகி உதடு தெரியாது. ஜன்னல் பிள்ளைகளின் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

தினமும் காலையில் இரண்டு நிமிடச் சோதனை ஒன்று. குழந்தைக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில், ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளை வரிசை மாற்றி, விட்டு விட்டுச் சொல்லுங்கள். கேட்டதும் ஒரு கட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். இடைவெளி ஒரே சீராக இருந்தால் குழந்தை கேட்காமலே தாளம் பிடித்துப் போட்டுவிடும். நேற்று கேட்ட ஸ் இன்று கேட்கவில்லை என்றால் பாட்டரி, கருவியின் குழாயில் ஈரம், காதுக் குரும்பி என்று வரிசையாகப் பாருங்கள். கருவி கீச்சிட்டால் அநேகமாக காது வளர்ந்து மோல்டு (காதுக்குள் பொருந்தும் அச்சு) தளர்ந்திருக்கும். இந்த வயதில் அதைச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். சத்தத்தைக் குறைத்து வைப்பது அதற்குத் தீர்வல்ல.

பள்ளியில் மாற்றுப் பாட்டரி ஒரு சீட்டு இருக்கட்டும். ஸ்டிக்கரை உரித்த பின் ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போடுங்கள். உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துபோகும். பாட்டரிக் கதவுக்குப் பூட்டு இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேளுங்கள். எந்தப் பிள்ளையாவது பாட்டரியை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு.

மணியை எடுத்துவிடுங்கள். விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டு, டீச்சர் கையைத் தூக்கினால் போதும்.

---

முக்காலி (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்):

சாய்ந்துவிடும் பையனுக்கு முதல் செலவு நாற்காலி. உடம்பை நிமிர்த்திப் பிடிப்பதிலேயே பலம் தீர்ந்தால் கைக்கு எதுவும் மிஞ்சாது. கடையில் வாங்குவதற்கு முன் நாடா எடுத்து அளந்துகொள்ளுங்கள். முழங்காலின் பின்புறத்திலிருந்து குதிகால் வரை உள்ள நீளமே இருக்கையின் உயரம். 1 மீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு அது 26 செ.மீ. அளவில் வரும். இருக்கையின் ஆழம், முழங்கால் மடிப்புக்கு முன்னால் இரண்டு விரல் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணம். பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும், எட்டாவிட்டால் பலகை வையுங்கள். கால் தொங்கினால் முதுகு வளையும், கை நடுங்கும். மேசை, முழங்கை மட்டத்திலோ அதற்கு இரண்டு செ.மீ. மேலோ. மேசை விளிம்பில் வயிறு நுழைய அரைவட்டமாக வெட்டச் சொன்னால் இரண்டு முழங்கையும் பலகைமேல் தங்கும். உள்ளூர்த் தச்சர் செய்துவிடுவார். தொடைப் பட்டை, கால்களுக்கு நடுவில் வைக்கும் திண்டு போன்றவை அவனைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் சொன்னால் மட்டும்.

தரையில் மற்றவர்கள் விளையாடும்போது இவன் மட்டும் நாற்காலியில் உயரமாக இருந்தால் அதுவும் ஒரு பின்வரிசைதான். சுவர் மூலையில் இரண்டு பக்கமும் திண்டு வைத்து, முன்னால் 20 செ.மீ. உயர மணையைப் போட்டால் தரையிலேயே உட்காரலாம். இரண்டு காலையும் பக்கவாட்டில் மடித்துப் பின்னால் தள்ளி உட்காரும் பழக்கம் இருந்தால் காலை முன்னால் எடுத்துவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இடமும் நிலையும் மாற வேண்டும்.

தட்டும் தாளும் நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. புது க்ரேயானை 3 செ.மீ. துண்டாக உடைத்துக் கொடுங்கள். நீளமானதை முஷ்டியில் பிடிக்கும் பிள்ளைகள் துண்டை விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். இது எல்லாப் பிள்ளைக்கும் நல்லது. மூன்று அங்குல முதுகுள்ள பழைய ஆபீஸ் ஃபைலைப் படுக்கவைத்தால் சாய்வு மேசை. பிசைந்து விளையாட உப்பு மாவு செய்யாதீர்கள். இரண்டு கப் மாவுக்கு ஒரு கப் உப்பு போடுகிறார்கள், வாயில் வைக்கும் பிள்ளைக்கு அது ஆபத்து. அன்றன்று பிசைந்த சப்பாத்தி மாவு போதும்.

வாசலில் படி இருந்தால் சாய்தளத்துக்கு 1க்கு 12 கணக்கு: 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம். இடம் இல்லை என்று 60 செ.மீ.இல் முடித்துவிடும் சாய்தளத்தைப் பல இடங்களில் பார்க்கலாம், வாக்கர் அதில் வழுக்கத்தான் செய்யும். கழிப்பறையில் பிடிகம்பி 50 செ.மீ. உயரத்தில்.

---

சின்னத்திண்ணை:

மூன்று பேருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ஓடும் பையன் அதிகம் ஓடுவது டிபனுக்கு முன் கை கழுவ வரிசை நிற்கும்போது. அவனுக்கென்று தனி மூலை வைக்கலாமா? இன்னொன்று, எண்ணுவதற்குப் புளியங்கொட்டையும் சோடா மூடியும் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறோம். அவற்றையே பயன்படுத்தலாமா?

---

நடுக்கூடம்:

முதலில் 10 நாள், ஒரு நோட்டில் மூன்று கட்டம்: ஓடுவதற்கு முன் என்ன நடந்தது, என்ன செய்தான், அதற்குப் பின் என்ன ஆயிற்று. வரிசையில் ஓடுகிறான் என்றால் நெருக்கம், காத்திருப்பு, தட்டுச் சத்தம் மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் அது. 22 பேர் வரிசையே வேண்டாம். மூலையிலிருந்து நான்கு நான்கு பேராக அனுப்புங்கள், அவன் முதல் நான்கில் இருக்கட்டும்.

நாளின் ஒழுங்கைப் படமாகக் காட்டுங்கள். உங்கள் அறை, உங்கள் குழாய், உங்கள் தட்டு, எல்லாம் போனில் எடுத்த போட்டோவாக ஆறு அட்டை. மேலிருந்து கீழாக, பிள்ளையின் கண் உயரத்தில், தரையிலிருந்து 90 செ.மீ. பளபளப்பான லாமினேஷன் ஜன்னல் வெளிச்சத்தில் கூசும். முடிந்த வேலையின் அட்டையைப் பிள்ளைகளே எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். அப்படிக் கைபடாமல் சுவரில் தொங்கினால் அது காலண்டர் மாதிரி ஆகிவிடும், யாரும் பார்க்க மாட்டார்கள். அந்தப் பையன் கையில் இரண்டே அட்டை: இப்போது, அடுத்து. மாறுவதற்கு இரண்டு நிமிடம் முன்பே அடுத்ததைக் காட்டுங்கள்.

அமைதி மூலை வையுங்கள், ஆனால் எல்லாருக்குமாக. 3 அடிக்கு 3 அடி, பழைய சேலையில் பாதித் திரை, திண்டு இரண்டு, ஒரு துணிப் பொம்மை. டீச்சருக்கு உள்ளே தெரிய வேண்டும். அவன் அமைதியாக இருக்கும் வேளையில் கூட்டிப்போய்ப் பழக்குங்கள். "போய் அங்கே உட்கார்" என்று ஒரே ஒரு முறை தண்டனையாக அனுப்பினாலும், பிறகு எந்தப் பிள்ளையும் தானாக அங்கே போகாது.

---

முக்காலி:

புளியங்கொட்டை வேண்டாம் டீச்சர். 3 வயதுப் பிள்ளைகள் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள், ஈரத்தில் ஊறி உப்பினால் எடுப்பது கஷ்டம்; மூச்சுக்குழலில் போனால் உயிருக்கே ஆபத்து. சிறு பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளைச் சோதிக்கும் குழாயின் விட்டம் 31.7 மி.மீ. அந்த அளவுக்கு அட்டைக் குழாய் ஒன்று சுருட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், உள்ளே போவதை எண்ணுவதற்கு எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் சோடா மூடி ஏறக்குறைய 3 செ.மீ.தான், அதுவும் உள்ளே போய்விடும். ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி அகலவாய்ப் பாட்டில் மூடிகள், 5 செ.மீ. மரக்கட்டைகள், கட்டிங் வேஸ்டில் இறுக்கிக் கட்டிய எலுமிச்சை அளவுத் துணிப்பந்துகள் எடுத்துக்கொள்ளுங்கள். துணிப்பந்தை மூளை முடக்குவாதம் உள்ள பையனின் இடது கையாலும் பிடிக்க வரும். நூல் முனைகளை உள்ளே தள்ளித் தைத்துவிடுங்கள்.